பேங்க் ஏலத்தில் வீடு எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சேலம்_வாசி:
கதவைத் திறந்தது ஒரு பாட்டி. கையில் பாதி உரித்த சின்ன வெங்காயம். "பேங்க்ல இருந்தா தம்பி? பையன் வெளிய போயிருக்கான், உட்காருங்க" என்றார். அந்த வீட்டுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டேன், சேல் சர்டிபிகேட் என் பையில் இருக்கிறது. அவருக்கு எதுவுமே தெரியவில்லை. வாசல் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய பசைத் தடம் மட்டும் இருந்தது, காகிதத்தை யாரோ கிழித்திருந்தார்கள்.

ஏல அறிவிப்பில் 'சிம்பாலிக் பொசஷன்' என்றுதான் போட்டிருந்தது, அதாவது வீடு காகிதத்தில் மட்டும்தான் பேங்க் கையில், உள்ளே ஆள் இருக்கிறார்கள். காலி செய்து கொடுப்பது எங்கள் பொறுப்பு என்று பேங்க் அதிகாரி வாயால் சொன்னார். இப்போது அந்தப் பையன் டி.ஆர்.டி.யில் (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) வழக்குப் போட்டிருக்கிறார். நான் வாடகையும் கட்டுகிறேன், இ.எம்.ஐ.யும் கட்டுகிறேன். அன்றைக்குப் பாட்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு விஷயத்தைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

கொங்கு_மாமா:
தம்பி, வாயால் சொன்னதெல்லாம் செல்லாது. அடமானச் சொத்தை பேங்க் எடுத்து விற்க வழி செய்கிற சர்பாசி சட்டம் 14-ஆம் பிரிவில், வீட்டைக் காலி செய்து தரச் சொல்லி சி.ஜே.எம். (தலைமை நீதித்துறை நடுவர்) கோர்ட்டிலோ கலெக்டரிடமோ மனு போட வேண்டியது பேங்க். போட்டார்களா, நம்பர் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். டி.ஆர்.டி. வழக்கில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஏலத்தையே ரத்து செய்யும் ஆர்டர் உங்களைக் கேட்காமல் வந்துவிடும். ஏலத்துக்கு 30 நாள் நோட்டீஸ் முறையாகக் கொடுத்தார்களா என்பதைத்தான் அங்கே துருவுவார்கள், அந்தக் காகிதங்களை இப்போதே வாங்கி வையுங்கள்.

இனி எடுக்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25 சதவீதம் கட்ட வேண்டும், ஏலத்தில் கலந்துகொள்ள முன்பே கட்டும் இ.எம்.டி. (முன்வைப்புத் தொகை) அதில் அடங்கும். மீதி 15 நாளில். பேங்க் எழுத்தில் ஒத்துக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டலாம், அதற்கு மேல் கிடையாது. என் மச்சானுக்கு ஹவுசிங் லோன் தாமதமாகி, கட்டிய 25 சதவீதமும் போனது. கோர்ட்டுக்குப் போனால் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, மொத்தத்தையும் பேங்க் எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லோன் சாங்ஷன் கையில் இல்லாமல் ஏலத்தில் உட்காரவே உட்காராதீர்கள்.

வேளச்சேரி_அக்கா:
எங்களுக்கு ஆள் பிரச்சனை இல்லை, காலி ஃபிளாட்தான். கரண்ட் இல்லை. சாவி வாங்கின சாயங்காலம் மொபைல் டார்ச் அடித்துப் பார்க்கிறோம், மீட்டர் பெட்டியில் மீட்டரே இல்லை, அறுத்த ஒயர் தொங்குகிறது. பழைய பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று ஈ.பி.யில் சொல்லிவிட்டார்கள். 2023-இல் கேரளா மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றமும், விதி இடம் கொடுத்தால் புது ஓனரிடம் கேட்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. அப்புறம் அசோசியேஷன் மெயின்டெனன்ஸ் பாக்கி, சொத்து வரி பாக்கி. ஏல அறிவிப்பில் இருந்த 'உள்ளது உள்ளபடி' என்ற ஒரு வரிக்குள் இத்தனையும் அடக்கம். ரிசர்வ் விலை (ஏலத்தின் குறைந்தபட்ச விலை) மட்டும் மார்க்கெட்டைவிடக் குறைவாகத் தெரிந்தது.

மதுரை_வாடகைக்காரன்:
கொங்கு மாமா, நீங்கள் சொல்கிற 14-ஆம் பிரிவு மனு ஆர்டராகி வந்தால் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். நான் அந்த மாதிரி வீட்டில் குடியிருந்தவன். கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர், போலீஸ், பூட்டு உடைக்கிற ஆள் எல்லாம் ஒன்றாக வந்தார்கள். அடுப்பில் குக்கர் இருந்தது. விசில் வரட்டும் என்று அந்தப் பெண் கான்ஸ்டபிள் காத்திருந்தார், அதற்கு மேல் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீடு அடமானத்தில் இருப்பதை ஓனர் எங்களிடம் சொல்லவே இல்லை. அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த அக்ரிமென்ட் இருந்திருந்தால் பேசியிருக்கலாம் என்றார் கமிஷனர். எங்களுடையது 11 மாத ஒப்பந்தம், பதிவு செய்யாதது.

ஏலம் எடுக்கிறவர்கள் ஒரு தடவையாவது பகலில் போய், உள்ளே இருப்பது ஓனரா, வாடகைக்காரரா, யாரிடம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பேங்க் ஃபைலில் அது இருக்காது. எங்கள் வீட்டை எடுத்தவர் அப்படி ஒருநாளும் வரவில்லை. வந்திருந்தால் நானே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அட்வான்ஸ் பணம் இன்னும் அந்தப் பழைய ஓனரிடம்தான் இருக்கிறது, போனை எடுப்பதில்லை.