அம்மாவின் கால் எரிச்சலும் அந்த எம்டிஹெச்எஃப்ஆர் ரிப்போர்ட்டும்

ஃபோலேட் என்ற பி வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் எம்டிஹெச்எஃப்ஆர் (MTHFR) மரபணுவில் மாறுதல் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் பயந்துபோய் நிறைய பேர் இங்கே எழுதியிருக்கிறீர்கள், அதனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். சுகருக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின். இரண்டு பாதத்திலும் எரிச்சல், மதமதப்பு, அப்புறம் நடையில் தள்ளாட்டம் வேறு. பார்த்தவர்கள் எல்லோரும் சுகர்தான் காரணம் என்றார்கள். இதற்கு நடுவில் தம்பி ஒரு லேப்பில் மரபணு சோதனைக்குக் கொடுக்க, அம்மாவுக்கு அவருடைய தாய், தந்தை இருவர் வழியாகவும் சி677டி (அந்த மரபணுவில் வரும் ஒரு மாறுதல்) வந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்து, வீடே கலங்கிவிட்டது.

நரம்பு டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், பால் தயிர் எவ்வளவு என்றுதான் கேட்டார். புகை, குடி பற்றியும் கேட்டார், அவையும் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை ஏற்றுமாம். ரத்தத்தில் பார்த்தால் வைட்டமின் பி12 200க்கும் கீழே, அதாவது குறைவு. 15க்குள் இருக்க வேண்டிய ஹோமோசிஸ்டீன் 40ஐ நெருங்கியிருந்தது.

அவர் விளக்கியது இதுதான். கீரை, பயறில் உள்ள ஃபோலேட்டை, அந்த எம்டிஹெச்எஃப்ஆர் மரபணு உருவாக்கும் என்சைம்தான் உடல் பயன்படுத்தும் மெத்தில் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த மெத்திலை வாங்கி ஹோமோசிஸ்டீனிடம் கொடுத்து அதை மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றப் பி12 வேண்டும். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று டிஎன்ஏவில் மெத்தில் குறி வைப்பதற்கான சரக்கு அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு பக்கமும் மாறுதல் இருந்தால் என்சைம் சுமார் 30 சதவீதம்தான் வேலை செய்யும், ஆனாலும் ஃபோலேட்டும் பி2வும் போதுமான அளவு கிடைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். பி12 இல்லையென்றால் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ஃபோலேட் பாதியில் மாட்டிக்கொள்ளும். முட்டையும் தொடாத சைவத்தில் பி12 இயல்பாகக் கிடைப்பது பெரும்பாலும் பால், தயிர் போன்றவற்றில்தான், வருகிற கொஞ்சத்தையும் குடல் உறிஞ்சவிடாமல் மெட்ஃபார்மின் குறைக்கிறது.

பி12 ஊசி, பிறகு மாத்திரை. சில மாதத்தில் ஹோமோசிஸ்டீன் இறங்கியது, தள்ளாட்டம் போய்விட்டது, எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. விரல் நுனியில் மட்டும் மதமதப்பு இன்னும் இருக்கிறது. நரம்பு ரொம்ப நாள் பட்டினி கிடந்தால் முழுசாகத் திரும்பாது என்றார்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஃபோலிக் ஆசிட் (மாத்திரையில் வரும் ஃபோலேட்) மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பி12 குறைவாக இருக்கும்போது அது ரத்தசோகையைச் சரிசெய்து காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் ஆசிட் கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தில் ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குத்தான் 6 வயதில் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) மிக அதிகமாக இருந்தது. ஆகவே சைவ வீட்டுப் பெண்கள் பி12ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மெட்ஃபார்மினை யாரும் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அம்மா இப்போதும் அதையேதான் சாப்பிடுகிறார், கூடவே பி12 மாத்திரை, வருஷத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை.