பிக்கப் வண்டியின் பின் பிரேக் பைப்: துண்டு போட்டு ஒட்டலாமா, முழுவதும் மாற்ற வேண்டுமா?

கேள்வி (பல்லடத்திலிருந்து)

வணக்கம். பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளுக்கு எரு ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம், ஏபிஎஸ் கிடையாது. சேஸிஸை ஒட்டிப் பின் அச்சுக்குப் போகும் இரும்பு பிரேக் பைப், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் துருவேறிக் கசிகிறது. அங்கே படிந்த புழுதி எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கிறது. துருப்பிடித்த அரையடியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயை வைத்துப் பற்றவைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். அது தாங்குமா? மேலும், பின்பக்க ஹோஸை மாற்றி ஏர் எடுத்த (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றிய) பிறகும், பெடல் முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே மறுபடி மிதித்தால் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. இதற்கும் பைப்தான் காரணமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (கோவை, பட்டறை நடத்துபவர்)

தம்பி, கசிவு கண்ணுக்குத் தெரிந்துவிட்ட பிறகு அந்த வண்டியில் ஒரு நடைகூட லோடு ஏற்றாதீர்கள். பைப்பை மாற்றும்வரை நிறுத்தியே வையுங்கள்.

செம்புக் குழாய் கண்டிப்பாக வேண்டாம். பெடலை ஓங்கி மிதிக்கும்போது இந்தப் பைப்புக்குள் 100 பார் வரைகூட அழுத்தம் ஏறும். உங்கள் டயரில் இருக்கும் காற்றோ ஏறத்தாழ 4 பார்தான். வெறும் செம்பு, சேஸிஸின் ஓயாத அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். பற்றவைக்கும் சூட்டில் பழைய பைப்பின் மேல்பூச்சும் எரிந்துபோவதால், அடுத்த துரு ஒட்டின் ஓரத்திலேயே தொடங்கும். ஓரிடத்தில் ஓட்டை விழுந்த பைப் மற்ற கிளிப்புகளுக்கு அடியிலும் அரித்துத்தான் இருக்கும் என்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முழுவதையும் மாற்றுவதே சரி. செம்பும் நிக்கலும் கலந்து பிரேக்குக்கென்றே செய்யப்படும் பைப் வேறு வகை. அது கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.

கம்பெனி வளைத்து நட்டோடு தரும் பைப் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். கிடைக்காவிட்டால், பழைய பைப்பை முறிக்காமல் கழற்றி, அதையே அளவாக வைத்துப் புதியதை வளைக்கச் சொல்லுங்கள். முனையை விரிக்கும் ஃபிளேர் இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். வண்டியில் இருந்த வடிவமும் புதியதன் வடிவமும் ஒன்றாக இல்லாவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் கசியும். விரிப்பதற்கு முன்பே நட்டைக் கோத்துவிட வேண்டும். துருவேறிய நட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஃபிளேர் நட்டுக்கான ஸ்பேனரால் கழற்றச் சொல்லுங்கள். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

உங்கள் பெடலின் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே காற்று இருந்தால் பெடல் பஞ்சு போல் அமுங்கும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. முதல் மிதியில் இறங்கி இரண்டாவதில் கெட்டியாக நின்றால், பின் டிரம்மில், உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் ஷூவின் இடைவெளி கூடியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஷூ லேசாக உரசும்வரை அட்ஜஸ்டரை இறுக்கி, சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்திய பிறகு ஏர் எடுங்கள்.

மறுமொழி (சத்தியமங்கலம், காய்கறி லோடு ஓட்டுநர்)

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஏர் எடுப்பதில் பிக்கப் வண்டிக்கென்று ஒரு கவனம் உண்டு. பின் அச்சுக்கு மேலே, லோடின் எடைக்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் வால்வு பல வண்டிகளில் இருக்கும். சேஸிஸில் ஜாக்கி போட்டுப் பின் அச்சைத் தொங்கவிட்டால், வண்டி காலியாக இருப்பதாகக் கொண்டு அது பாதையைச் சுருக்கிவிடும். உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியே வராது. ஆகவே பின் சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே, அல்லது அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ஏர் எடுக்க வேண்டும். அந்த வால்வின் கம்பி நீளத்தை யாரும் தொடக்கூடாது.

எஞ்சினை அணைத்து, மிதிக்கு வலுக்கூட்டும் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீரும்வரை பெடலைப் பலமுறை மிதியுங்கள். நம் ஊர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், வண்டியின் புத்தகம் வேறு வரிசை சொல்லாதவரை, பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று தொலைவிலிருந்து நெருங்கி வர வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தருகே காற்றை வெளியேவிடும் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடியாயிற்று என்ற குரல் கேட்கும்வரை பெடலிலிருந்து காலை எடுக்கக்கூடாது, எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை, பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலே டப்பாவில் ஆயில் வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆயிலையும் முழுவதுமாக மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். டாட் 3 ஆயிலுக்குப் புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரமேறிய பிறகு 140 டிகிரி. டாட் 4 ஆயிலுக்கு 230, 155 டிகிரி. இவைதான் தர விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலைகள். திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பழைய ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரையைத் தொட்டுவிடும். நான் அங்கே இரண்டாம் கியரைத் தாண்டுவதில்லை.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முழுப் பைப்பையே மாற்றச் சொல்லிவிட்டேன். எருவினால்தான் இப்படி அரித்திருக்குமா?

மறுமொழி (கோவை, பட்டறை நடத்துபவர்)

பெரும்பங்கு அதுதான். கோழி எருவில் அம்மோனியாவும் உப்புகளும் ஈரமும் சேர்ந்திருக்கின்றன. அது கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவே அடைந்துகொண்டால் பூச்சு உரிந்து இரும்பைத் தின்றுவிடும். எரு இறக்கியதும் தோப்பிலேயே அடிப்பக்கம் முழுவதும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். புதிய பைப்பைப் பொருத்தும்போது கிளிப்புகளைச் சுரண்டித் துடைத்து, உள்ளே ரப்பர் வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், எஞ்சின் ஓடும்போது ஒருவர் பெடலை ஓங்கி மிதித்து ஒரு நிமிடம் பிடித்திருக்க, நீங்கள் ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் ஈரம் தட்டினால் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.