ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டோம், ஹெத்தை ஹப்பாவுக்கு ஊர் போய்ச் சேரணும், யாராச்சும் வழி சொல்லுங்க

கோத்தகிரி_பையன்:
அவசரம்ங்க. வெளிய பனி கொட்டிக்கிட்டே இருக்கு, எங்க ஃப்ளைட் கேன்சல்னு போர்டுல போட்டுட்டாங்க. நான், வீட்டுக்காரி, ரெண்டு வயசுப் பையன், மூணு பேரும் காலைல இருந்து இங்கயேதான் இருக்கோம். கவுன்ட்டர் வரிசை வளைஞ்சு வளைஞ்சு எஸ்கலேட்டர் வரைக்கும் நிக்குது, நகரவே மாட்டேங்குது. ஆப்ல ரீஃபண்ட் வேணுமான்னு ஒரு பட்டன் வந்திருக்கு, அதை அழுத்தலாமா? வேற டிக்கெட் நாமளே போட்டுரலாமா? அடுத்த வாரம் கோத்தகிரி பக்கம் பேரகணில ஹப்பா, எங்க படுக மக்களோட ஹெத்தையம்மன் திருவிழா, கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையா குடும்பத்தோட போறோம், பேரனை எங்கம்மா இன்னும் நேர்ல பாக்கவே இல்ல. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

டொரான்டோ_கட்டபெட்டு:
தம்பி பதறாதீங்க. பனின்னா ஏர்லைன் கையில இல்லாத விஷயம், அதனால நஷ்டஈடு, ஹோட்டல், சாப்பாடு எதுவும் கேக்க முடியாது. ஆனா பெரிய ஏர்லைனா இருந்தா 48 மணி நேரத்துக்குள்ள கெளம்புற மாதிரி அவங்க ஃப்ளைட்லயோ கூட்டாளி ஏர்லைன்லயோ சீட்டு குடுத்தே ஆகணும், முடியலன்னா ரீஃபண்டா இல்ல வேற எந்த ஏர்லைன்லயாச்சும் சீட்டான்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்க, 2022 செப்டம்பர்ல இருந்து இதான் ரூல். நான் வந்த முதல் வருஷம் இதெல்லாம் சொல்ல ஆளே இல்ல. ஸ்கார்பரோல பேஸ்மென்ட்ல குடியிருந்தேன், ஜன்னல் பாதி பனியில மூடிரும், காலைல வேலைக்குப் போகணும்னா மொதல்ல கதவுக்கு முன்னாடி கெடக்கிற பனியை வாரிக் கொட்டணும். கட்டபெட்டுல பொறந்தவனுக்குக் குளிரு என்னன்னு நெனச்சுத்தான் வந்தேன், மைனஸ் இருபதுல மூக்குக்குள்ள ஈரம் கல்லாகுறப்பதான் இது வேற குளிருன்னு தெரிஞ்சுது. பையனுக்குக் காது மூடுற குல்லா போட்டு வைங்க.

சிகாகோ_பூம்பாறை:
ரீஃபண்ட் பட்டனை அழுத்துங்க, காசு கைக்கு வரட்டும். கேன்சல் ஆன ஃப்ளைட்டுக்குப் பதிலா அவங்க குடுக்கிறதை நாம வேண்டாம்னுட்டா முழுக் காசையும் திருப்பித் தரணும், கிரெடிட் கார்டுன்னா 7 வேலை நாள்ல, வவுச்சர் தந்தா வாங்காதீங்க. எங்க பக்கம் 2022 கிறிஸ்துமஸ் புயல்ல ஜனங்க தரையிலயே படுத்துக் கெடந்தாங்க. இன்னொண்ணு, டிசம்பர்ல ஏன் போறீங்க எல்லாரும்? ஏப்ரல்ல போங்க, டிக்கெட்டும் கம்மி, கொடைக்கானலும் நல்லா இருக்கும்.

லண்டன்_வெலிங்டன்:
ஏப்ரல்ல ஹெத்தை ஹப்பா வராதுங்க. ஊர்ல எல்லாரும் வெள்ளை உடுத்தி நடந்து வர்ற நாளுக்குத்தான் அவர் போறார், டிக்கெட் விலைக்கா நாள் பாக்க முடியும்? அப்புறம் ஹோட்டல் கிடையாதுன்னு சொல்றது தப்பு. பனியோ புயலோ, ராத்திரி தங்க வெக்கிறது ஏர்லைன் பொறுப்பு. நஷ்டஈடு 600 யூரோவையும் விடாதீங்க, கேளுங்க.

டொரான்டோ_கட்டபெட்டு:
ஹோட்டல் கிடையாதுங்க, நான் இங்க எத்தனை பேருக்கு ஃபார்ம் நிரப்பிக் குடுத்திருக்கேன்.

அருவங்காடு_மணி:
நான் இப்ப ஊர்லதான் இருக்கேன், போன வாரம்தான் துபாய்ல இருந்து வந்தேன். இங்கயும் உறைபனி ஆரம்பிச்சிருச்சு, தலைகுந்தா பக்கம் காலைல புல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு கெடக்கு. வெளிநாட்டுல இருக்கிறவன் கஷ்டம் இங்க யாருக்கும் புரியறதில்ல. டிக்கெட் போட ஆறு மாசம் காசு சேத்துறோம், வந்து எறங்கின அன்னைக்கே சென்ட் பாட்டில் எங்க, சாக்லேட் எங்கங்கிறாங்க, பத்து நாள் லீவுல எட்டு நாள் சொந்தக்காரங்க வீடு வீடா ஏறி எறங்குறதுலயே போயிருது, அம்மா கையால ஒழுங்கா ஒரு வேளை சாப்பிட முடியல.

சிகாகோ_பூம்பாறை:
அதை ஏன் கேக்குறீங்க. போகலன்னா மறந்துட்டான்னு பேச்சு, போனா எப்ப திரும்பிப் போறேன்னு கேள்வி. டிசம்பர் வந்தா டிக்கெட் மூணு மடங்கு, லீவும் அப்பதான் தருவாங்க.

ஸ்டுட்கார்ட்_அக்கா:
ஒரு நிமிஷம் எல்லாரும் நிறுத்துங்கப்பா. குழந்தையோட ஏர்போர்ட்ல நிக்கிற ஆளுக்குப் பதில் சொல்லுவோம். தம்பி, நீங்க எந்த நாடு, எந்த ஏர்போர்ட்? கனடா ரூல் வேற, அமெரிக்கா ரூல் வேற, ஐரோப்பா ரூல் வேற, மூணு பேரும் அவங்கவங்க ஊர் ரூலைத்தான் சொல்லியிருக்காங்க. டிக்கெட் முழுக்க ஒரே பிஎன்ஆரா? ஏர்லைன்ல நேரா போட்டதா ஏஜென்ட்டா? பெட்டி உள்ள போயிருச்சா? ரிட்டர்ன் எப்ப, விசா எது வரைக்கும்? இதைச் சொல்ற வரைக்கும் எந்தப் பட்டனையும் தொடாதீங்க.

கோத்தகிரி_பையன்:
மன்னிச்சுக்கோங்க அக்கா, பதட்டத்துல எழுதிட்டேன். மியூனிக். வேற நாட்டுல இருந்து இங்க வந்து நாலு மாசம் ஆகுது. வளைகுடா ஏர்லைன், அங்க மாறி சென்னை. சென்னை டு கோவை தனி டிக்கெட், வேற கம்பெனி. ஆன்லைன் ஏஜென்ட்ல போட்டது, விலை கம்மியா இருந்துச்சு. பெட்டி மூணும் போயிருச்சு, பையனோட காய்ச்சல் மருந்து அதுலதான் இருக்கு. ரிட்டர்ன் ஜனவரி 8. வீட்டுக்காரிக்கு ரெசிடென்ஸ் கார்டு இன்னும் வரல, வந்தப்ப குடுத்த நீண்ட நாள் விசா, டி விசா, ஜனவரி 10 வரைக்கும்தான். லேட் ஆனதுனால ரிட்டர்னை ஒரு வாரம் தள்ளிப் போடலாம்னு பேசிக்கிட்டிருந்தோம்.

ஹாம்பர்க்_மஞ்சூர்:
மியூனிக்கா, அப்ப இது ஒரு நாள்ல சரியாகுதான்னு பாக்கணும். 2023 டிசம்பர் 2-ம் தேதி பெரும்பனியில அங்க விமானப் போக்குவரத்தையே நிறுத்திட்டாங்க, ரெண்டு மூணு நாள்ல உறைமழை வந்து மறுபடியும் நிறுத்தினாங்க. நான் ஏர்போர்ட் கிரவுண்ட் வேலைல இருக்கேன், ஏன் இவ்ளோ நேரம் ஆகுதுன்னு நிறைய பேருக்குத் தெரியறதில்ல, அதுக்காகச் சொல்றேன். ரன்வேல பனியை வழிச்சு எடுத்தா மட்டும் போதாது, றெக்கை மேல துளி ஐஸ் இருந்தாலும் ஃப்ளைட்டை மேல தூக்குற விசை குறைஞ்சிரும். அதனால கிளைகால்ங்கிற ரசாயனம் கலந்த சூடான தண்ணியை அடிச்சு ஐஸைக் கரைக்கிறோம், அது ஆரஞ்சு கலரு, அதுக்கு மேல புதுசா பனி ஒட்டாம இருக்க பச்சைக் கலர்ல ஒரு கெட்டித் திரவம் அடிக்கிறோம். அது தாங்குற நேரம் கொஞ்சந்தான். அந்த நேரத்துக்குள்ள பறக்கலன்னா மறுபடி மொதல்ல இருந்து அடிக்கணும். வரிசை நீண்டா பைலட்டோட டியூட்டி நேரம் முடிஞ்சிரும், அப்ப பனி நின்னாலும் ஃப்ளைட் போகாது. ராத்திரி பூரா கண் முழிச்சு அடிக்கிற பசங்க உயிர் காக்கத்தான் அடிக்கிறாங்க, கவுன்ட்டர்ல இருக்கிறவங்களைத் திட்டாதீங்க.

ஸ்டுட்கார்ட்_அக்கா:
சரி தம்பி, இப்ப கேளுங்க.

மொதல்ல ரீஃபண்ட் பட்டன். தொடவே தொடாதீங்க. நீங்க ஐரோப்பாவுல இருந்து கெளம்புறதால ஏர்லைன் எந்த நாட்டுதா இருந்தாலும் ஐரோப்பிய யூனியனோட விமானப் பயணிகள் ரூல், ஈயூ 261, பொருந்தும். அதுல ரீஃபண்டா, மாத்து ஃப்ளைட்டான்னு ஒண்ணைத்தான் எடுக்கலாம். காசை வாங்கிட்டா அதோட கணக்கு முடிஞ்சுது, அப்புறம் ஹோட்டலும் கேக்க முடியாது, மாத்து ஃப்ளைட்டும் கேக்க முடியாது, இந்த சீசன் விலைல நீங்களே டிக்கெட் வாங்கணும். ஏஜென்ட் மூலமா போட்டிருக்கீங்க, அந்த ரீஃபண்டும் அவர் வழியாத்தான் சுத்தி வரும்.

600 யூரோ இந்தக் கேஸ்ல வராது, லண்டன் அண்ணா. பனி அசாதாரணச் சூழ்நிலைல வந்துரும். ஆனா ஹோட்டல், சாப்பாடு, ஹோட்டலுக்குப் போக வர வண்டி, ரெண்டு போன் கால், இதெல்லாம் காரணம் எதுவா இருந்தாலும் அவங்க குடுக்கணும். 2010-ல ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல்ல வானமே மூடினப்பக்கூட இந்தப் பொறுப்பு உண்டுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2013-ல சொல்லியிருக்கு. கவுன்ட்டருக்குப் போக முடியலன்னா மெயில்ல கேளுங்க, ஆப் சாட்ல கேளுங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, பதில் வரலன்னா நியாயமான விலைல ரூம் போட்டு பில்லை வெச்சுக்கோங்க. பால், டயப்பர், சாப்பாடு வாங்கின சீட்டு ஒவ்வொண்ணையும் அன்னைக்கே போட்டோ எடுங்க, அந்தத் தாள்ல எழுத்து சீக்கிரம் அழிஞ்சிரும். பின்னாடி அவங்க பதில் சொல்லலன்னா பயணிகளுக்கான சமரச அமைப்பு ஜெர்மனில இருக்கு, உங்களுக்குச் செலவு கிடையாது.

கோத்தகிரி_பையன்:
ஏஜென்ட்டுக்குப் போட்டா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு அக்கா. கேன்சல் மெசேஜ்கூட எனக்கு வரல, போர்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுது.

ஸ்டுட்கார்ட்_அக்கா:
அந்த ஏஜென்ட்டுங்க புக்கிங்ல பல நேரம் அவங்க மெயிலையும் நம்பரையும்தான் போட்டு வெச்சிருப்பாங்க. ஏர்லைன் சைட்ல பிஎன்ஆர் அடிச்சு உள்ள போய் உங்க நம்பரை மாத்துங்க. மாத்து ஃப்ளைட் குடுக்க வேண்டியது ஏர்லைன், அதனால வீட்டுக்காரி வரிசைல நிக்கட்டும், நீங்க ஏர்லைனோட இந்தியா நம்பருக்குக் கூப்பிடுங்க, இங்கத்து நம்பர் எல்லாம் இப்ப அடைச்சுக் கெடக்கும். சென்னைதான் வேணும்னு பிடிவாதம் வேண்டாம். கொச்சி, பெங்களூரு எதுல முதல்ல சீட்டு இருக்கோ அதைக் கேளுங்க, ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து கெளம்புறதா இருந்தாலும் சரின்னு சொல்லுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், நீங்களா போறதுக்கு மட்டும் புது டிக்கெட் வாங்கிட்டு இதை அப்படியே விட்டுட்டா போறப்ப வரலன்னு சிஸ்டத்துல ஏறி ரிட்டர்னும் கேன்சல் ஆயிரும். நிறைய பேரு மாட்டுறது இங்கதான்.

அப்புறம் ரிட்டர்னைத் தள்ளிப் போடற பேச்சே எடுக்காதீங்க. ஜனவரி 10-க்கு ஒரு நாள் தாண்டினாலும், வேற செல்லுபடியாகிற தாள் இல்லன்னா வீட்டுக்காரியை ஏர்லைன் சென்னையிலயே ஏத்த மாட்டாங்க. 8-ம் தேதியும் பனில தள்ளிப் போகலாம், முடிஞ்சா 5, 6-ன்னு முன்னாடி கொண்டு வாங்க. கார்டுக்கு விண்ணப்பிச்சப்ப வெளிநாட்டவர் அலுவலகத்துல ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்னு, கார்டு வர்ற வரைக்கும் வெச்சுக்கிற தற்காலிகத் தாள் குடுத்தாங்களா? அதுல மூணாவது கட்டம், ஜெர்மன் குடியிருப்புச் சட்டம் 81-வது பிரிவு 4-வது உட்பிரிவு, டிக் ஆகியிருந்தா அதையும் பாஸ்போர்ட்டையும் காட்டித் திரும்பி வரலாம். முதல் கட்டம் டிக் ஆகியிருந்தா அதை நம்பி வெளிய போகக் கூடாது.

லண்டன்_வெலிங்டன்:
அக்கா சொல்றது சரி, 600 பேச்சை விடுங்க. பனி நின்னு மத்த ஃப்ளைட் எல்லாம் போயும் உங்களோடது மட்டும் போகலன்னா அப்ப அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கலாம். கேன்சல் போர்டை ஒரு போட்டோ எடுத்து வைங்க, அன்னைக்குப் பறந்த ஃப்ளைட் லிஸ்ட்டையும்.

ஹாம்பர்க்_மஞ்சூர்:
பெட்டி மூணும் உள்ள போயிருச்சுன்னீங்கல்ல. கேன்சல் ஆனா பெட்டி தானா வெளிய வந்துரும்னு நெனைக்காதீங்க, நிறைய ஃப்ளைட் ஒரே நேரத்துல ரத்தானா உள்ளயே குவிஞ்சு கெடக்கும். போர்டிங் பாஸ் பின்னால ஒட்டின டேக் சீட்டை பத்திரமா வைங்க, பேகேஜ் கவுன்ட்டர்ல அந்த நம்பரைக் காட்டி எங்க இருக்குன்னு கேளுங்க. காய்ச்சல் மருந்துக்கு அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஏர்போர்ட்லயே மருந்துக்கடை இருக்கு, பையன் எடையைச் சொல்லி சிரப் வாங்குங்க. ஊர்ல எறங்கியும் பெட்டி வரலன்னா ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பெட்டி வரலன்னு பதிவு பண்ற பிஐஆர் தாளை எழுதி வாங்கணும், லேட்டா வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும். குழந்தை இருக்குன்னு சொல்லி மடக்குக் கட்டில் இருக்கான்னும் கேட்டுப் பாருங்க.

கோத்தகிரி_பையன்:
ஏர்லைன் இந்தியா நம்பர் எடுத்துட்டாங்க! நாளை மறுநாள் கொச்சிக்கு மூணு சீட்டு இருக்குன்னாங்க, போட்டாச்சு, ரிட்டர்னும் ஜனவரி 6-க்கு மாறியிருச்சு, சென்னையில இருந்துதான். ஹோட்டல் கேட்டு ஏர்லைனுக்கு மெயில் போட்டேன், அதுக்கு லிங்க் வந்திருக்கு. வீட்டுக்காரி தாள்ல மூணாவது கட்டம்தான் டிக். சென்னை கோவை டிக்கெட்டை என்ன பண்றது? கொச்சில இருந்து கோத்தகிரிக்கு வண்டி கிடைக்குமா?

அருவங்காடு_மணி:
கோவை டிக்கெட்டைக் கெளம்புற நேரத்துக்கு முன்னாடியே கேன்சல் பண்ணிருங்க. கட்டணம் போனாலும் அரசு வரி, ஏர்போர்ட் கட்டணமாச்சும் திரும்பக் கேளுங்க, அதைத் தரணும். திரும்பறப்ப மேட்டுப்பாளையத்துல இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல சென்னை போகலாம், தட்கல் முந்தின நாள் காலைல, ஏசி 10 மணிக்கு, ஸ்லீப்பர் 11 மணிக்குத் திறக்கும், ஆதார் இணைச்ச அக்கவுன்ட் வேணும், ஊர்ல யாரையாச்சும் போடச் சொல்லுங்க. ஆனா 6-ம் தேதி ஃப்ளைட்டுக்கு 5-ம் தேதி காலைலயே சென்னைல இருக்கிற மாதிரி வாங்க.

கொச்சி வண்டி வேண்டாம். வெளிவண்டின்னா நீலகிரிக்குள்ள வர ஆன்லைன்ல இ-பாஸ் எடுக்கணும், மலை ரோடும் அவங்களுக்குப் பழக்கம் இருக்காது. நீலகிரிப் பதிவு, நம்மூர் டிஎன் 43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்ல, வீட்டுல சொல்லி கொச்சிக்கே ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க, பாலக்காடு, கோவை, மேட்டுப்பாளையம் வழியா வரட்டும். ஃப்ளைட் எத்தனை மணிக்கு எறங்குது?

கோத்தகிரி_பையன்:
சாயந்தரம் நாலு மணிக்கு அண்ணா.

அருவங்காடு_மணி:
அப்ப மேட்டுப்பாளையம் வர்றப்ப ராத்திரி பத்து தாண்டிரும். குஞ்சப்பனைக்கு மேல இப்ப மூடுபனி முன்னாடி போற வண்டி வால் லைட்டைக்கூட மறைக்குது, சின்னப் பையனை வெச்சுக்கிட்டு அந்நேரத்துக்கு ஏற வேண்டாம். கோவையிலயே ராத்திரி தங்கிட்டு காலைல எட்டு மணிக்கு மேல ஏறுங்க. டிரைவர்கிட்ட வீட்டுல இருந்து மூணு பேருக்கும் ஸ்வெட்டர் குடுத்து விடச் சொல்லுங்க, பெட்டி வருதோ இல்லையோ.