தண்டவாளத்துக்கு முன்பே குடிவந்தவர்கள்: சென்னையின் விளிம்பிலிருந்து சில அனுபவங்கள்

ஊரப்பாக்கத்திலிருந்து:

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022இல் அரசு ஆணையிட்டது. காகிதத்தில் ஊர் ஐந்து மடங்கு ஆகிவிட்டது. அதற்கு ஈடாக ரயில் வளர்கிறதா என்பதை விளிம்பில் குடியிருக்கும் நாம்தான் அன்றாடம் பார்க்கிறோம். திட்டங்களைத் திட்டுவதற்கு ஆயிரம் இடங்கள் இருக்கின்றன. எனக்கு வேண்டியது வேறு. ஒரு ரயில் திட்டத்தை, அதாவது அதன் கல்லையோ தூணையோ நோட்டீஸையோ அதற்காக வேலை செய்யும் ஆளையோ நேருக்கு நேர் சந்தித்தவர்கள் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 88 ஏக்கர், ஏறக்குறைய 394 கோடி ரூபாய். கோயம்பேடுவரை போய்க்கொண்டிருந்த தென் மாவட்டப் பேருந்துகள் இங்கேயே நிற்கத் தொடங்கின. எதிரே ஜிஎஸ்டி சாலையை, அதாவது தென் மாவட்டங்களுக்குப் போகும் நெடுஞ்சாலையைத் தாண்டினால் செங்கல்பட்டு ரயில் பாதை. ஆனால் அன்றைக்கு அங்கே நிலையம் இல்லை. வடக்கே வண்டலூர், தெற்கே ஊரப்பாக்கம். மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் இரண்டுக்கும் நடந்து போக முடியாது.

திறந்த புதிதில், உறவினர் ஒருவரை அழைத்துவர விடியற்காலையில் போயிருந்தேன். திருநெல்வேலிப் பேருந்திலிருந்து இறங்கிய வயதான தம்பதி வாயிலருகே நின்றார்கள். அம்மாவின் காலடியில் வாய் தைத்த அரிசிச் சாக்கு. அதன்மேல் மையால் யாரோ ஒரு பேரனின் பெயரும் ‘அம்பத்தூர்’ என்றும் எழுதியிருந்தது. சாலைக்கு அப்பால் விளக்கெரிய ஒரு மின்சார ரயில் போனது.

“தம்பி, அந்த வண்டியைப் பிடித்தால் எழும்பூர் போய்விடலாமா?” என்று பெரியவர் கேட்டார்.

“போகலாம் ஐயா. ஆனால் அது இங்கே நிற்காது.”

“நிற்காதா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே போகிறதே!”

தாம்பரம் போகும் மாநகரப் பேருந்தைக் காட்டி, அங்கே இறங்கி ரயில் ஏறச் சொல்லி அனுப்பினேன். அந்த ரயில் பாதை முனையத்தைவிட நூறு வயதுக்கும் மேல் மூத்தது. அது அங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரும் முனையத்தைக் கட்டியிருக்க முடியாது. ஆனாலும் நிலையத்துக்கும், சாலையைக் கடக்கும் நடைமேம்பாலத்துக்குமான வேலை முனையம் திறந்த பிறகுதான் மும்முரமானது. விமான நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம் மெட்ரோவை இங்கே நீட்டும் திட்டமும் இருக்கிறது. இதில் எதையும் அந்தப் பெரியவருக்கு எடுத்துச் சொல்லும் ஒரு பலகைகூட அங்கே என் கண்ணில் படவில்லை. வழி சொல்லும் வேலையை அன்று ஆட்டோக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வழியைச் சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

மந்தைவெளியிலிருந்து:

நான் விளிம்பில் இல்லை. நடுவில்தான் இருக்கிறேன். ஆனாலும் விளிம்புக்காக நடந்த ஒரு வேலையில் மாட்டிக்கொண்ட கதை என்னுடையது.

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது ரயில் பாதை போடுவதற்காக, பெரும்பாலும் தூண்கள்மேல் ஓடும் பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் 27 முதல் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மீண்டும் கடற்கரைவரை ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. பாரிமுனையில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள் அந்தப் பதினான்கு மாதங்களும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்தோம்.

ஒருநாள் அந்த நிலையத்தின் படிக்கட்டில் என்னோடு இறங்கிய ஒரு முதியவரிடம், “நான்கு கிலோமீட்டருக்கு இத்தனை மாதமா?” என்று அலுத்துக்கொண்டேன். அவர் தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவராம். குடையின் முனையால் தூசி படிந்த தரையில் கோடு போட்டுக் காட்டினார். “இதோ பாருங்கள். இதுவரை மூன்று பாதை. இரண்டில் மின்சார ரயில் போகிறது. மிச்சம் ஒன்று. அதில்தான் விரைவு வண்டி, சரக்கு வண்டி எல்லாம். மேலே போகிறவன் போனால்தான் கீழே வருகிறவன் வர முடியும். தாம்பரத்திலிருந்து எத்தனை பாதை போட்டுக் கொண்டுவந்தாலும் இங்கே கழுத்தைப் பிடிக்கிறது.” பிறகு கூவத்தைக் குறிக்க ஒரு வளைகோடு. “கோட்டைக்கும் பூங்கா நகருக்கும் நடுவில் இடமே கிடையாது. உங்கள் ரயிலை நிறுத்தினால்தான் எங்கள் ஆட்கள் உள்ளே இறங்கவே முடியும்.”

அறிவிப்புப் பலகையில் இருந்ததெல்லாம் ‘பணிகள் காரணமாக’ என்ற இரண்டு சொற்கள். அந்தக் குடைக்கோட்டைத்தான் ஒரு தாளில் அச்சடித்து ஒட்டியிருக்க வேண்டும். கோபம் குறைந்திருக்காது. ஆனால் யாருக்காக இறங்கி நடக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

வேளச்சேரியிலிருந்து:

ஊரப்பாக்கத்து நண்பர் சொல்வதை நான் முழுமையாக ஏற்க மாட்டேன். ரயிலை முதலில் விடு, ஊர் பின்னால் வரட்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம்வரை, 1997இல் திருமயிலைவரை ஓடத் தொடங்கியது. அப்போது அதில் போனவர்களைக் கேளுங்கள். பெட்டிக்கு ஆள் தேட வேண்டும். கூட்டம் சேர்ந்தது அது 2004இல் திருவான்மியூருக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் வந்த பிறகுதான். மென்பொருள் அலுவலகங்களும் அதே காலத்தில் இந்தப் பக்கம் வந்தன. நிலையங்களின் அந்தப் பிரம்மாண்டமான கூடங்களைக் கடைகளுக்கென்று கட்டினார்கள். பலவற்றில் இன்றும் புறா மட்டுமே குடியிருக்கிறது.

ஊரப்பாக்கத்திலிருந்து:

வேளச்சேரி நண்பரே, நீங்கள் சொல்வது ஆள் இல்லாத இடத்துக்கு விட்ட ரயில். நான் சொல்வது ஆளைக் கொண்டுவந்து இறக்கிய இடத்தில் நிற்காத ரயில். இரண்டும் ஒன்றல்ல.

ஆதம்பாக்கத்திலிருந்து:

வேளச்சேரி பரங்கிமலை இணைப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! மொத்தம் 5 கிலோமீட்டர். வேலை தொடங்கியது 2008இல். அதில் சுமார் அரைக் கிலோமீட்டர் நிலம் இழப்பீட்டு வழக்குகளில் சிக்கி, மிச்சம் நாலரையும் பல ஆண்டுகள் சும்மா நின்றது. எங்கள் தெருவில் தபால்காரருக்கும் எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் ‘தூணுக்கு அடுத்த வீடு’ என்றுதான் அடையாளம் சொல்லுவோம். அந்தத் தூணைப் பார்த்தே வளர்ந்த என் அண்ணன் மகன் சிவில் என்ஜினீயரிங் முடித்துவிட்டான். வேலை பாலம் கட்டும் நிறுவனத்தில்தான். ஆனால் வேறு மாநிலத்தில்.

ஒரகடத்திலிருந்து:

எங்கள் பக்கம் வாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை 1998இலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாக ஆலைகள். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் புதிய ரயில் பாதை 2013–14 பட்ஜெட்டில் இடம்பெற்றது. சுமார் 60 கிலோமீட்டர். இன்றும் ஷிப்டு முடிந்தால் எங்களை வீட்டுக்குக் கொண்டுபோவது கம்பெனி பஸ்தான். படப்பை வழியாகத் தாம்பரம் போகும் சாலையில் அந்த நேரத்தில் நின்று பாருங்கள். முன்னால் போகிற பஸ்ஸின் பின்கண்ணாடியில் தூங்குகிறவர்களின் தலைகள் மட்டும் தெரியும்.

நான் சந்தித்தது இரண்டு சர்வேயர்களை. எங்கள் மாமனார் நிலத்தின் வரப்பில் முக்காலி வைத்துக் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு பையன் கண்ணாடி பொருத்திய கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி வெயிலில் நின்றான். ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். மாமனாருக்குக் கை நடுங்கியது. தண்ணீர் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, மெல்லக் கேட்டேன்: “சார், இந்த நிலத்தில் ரயில் வருகிறதா?”

இருவரில் மூத்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்கே வரும் என்று நாங்கள் சொல்வதில்லை, எங்கே வர முடியும் என்று சொல்வதுதான் எங்கள் வேலை. ஏரி எங்கே, மேடு எங்கே, வளைவு எவ்வளவு என்று எழுதிக் கொடுப்போம். மேலே இருப்பவர்கள் கோடு போடுவார்கள். அந்தக் கோடு இரண்டு முறை மாறும்.”

அளந்தது ரயிலுக்கா, சாலைக்கா, வேறு எதற்காவதா என்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கேட்டால் சிரித்தார். ஆனால் அவர்கள் கிளம்பிய அன்று மாலையே ஒரு புரோக்கர் வாசலில் வந்து நின்றார். ‘ரயில் நிலையம் வரப்போகிறது, விலை ஏறும், இப்போதே முடித்துவிடலாம்’ என்று எங்களிடம் சொன்னார். அதே தெருவில் மூன்றாம் வீட்டில் ‘ரயில்வே எடுத்துக்கொள்ளும், கிடைத்த விலைக்கு விற்றுவிடுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார். அளந்தவருக்குத் தெரியாதது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று அத்தை கேட்டார். மாமனார் விற்கவில்லை. எங்கள் ஊருக்குப் பாதை இன்னும் வரவில்லை.

பூந்தமல்லியிலிருந்து:

மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் என்பதெல்லாம் செய்தியில் வந்தது. அதில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிவரையான 26 கிலோமீட்டர் வழித்தடத்தின் ஓரத்தில் வாடகைக்கு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கட்டடம் என்னுடையதல்ல. எடுத்தால் உரிமையாளருக்குப் பணம், நமக்குப் பட்டை நாமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் இளம்பெண் ஒருவர் படிவக் கட்டோடு வந்தார். அளக்கிறவர் அல்ல, கணக்கெடுக்கிறவர். கடையின் அகலம், எத்தனை ஆண்டாக நடத்துகிறேன், வேலை செய்யும் பையன்கள் எத்தனை பேர், மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்டார். கடை முகப்பில் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார். வாசலில் தள்ளுவண்டியில் கொய்யா விற்கும் அக்காவையும் விடவில்லை. அக்கா பயந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பெண் பின்னாலேயே ஓடி, “அக்கா, உங்களைத் துரத்த வரவில்லை. உங்கள் பெயர் இதில் இல்லாவிட்டால்தான் பிறகு கஷ்டம்” என்று கெஞ்சிக் கூட்டி வந்தார்.

அப்புறம்தான் விளக்கினார். ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற அமைப்புகள் கடன் தரும் திட்டங்களில், நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்களும் கணக்கில் வருவார்களாம். நிலத்துக்குப் பணம் கிடையாது. ஆனால் கடை, கொட்டகை, பிழைப்பு இவற்றின் இழப்புக்கு உதவி உண்டு. அந்த வங்கியின் 2009 கொள்கையிலேயே இது இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முக்கியமானது வரம்பு நாள். கணக்கெடுப்புக்குப் பிறகு வந்து கடை போடுகிறவர்களுக்கு எதுவும் இல்லை. எங்கள் வரிசையில் அன்று கடையைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒருவர், தன் பெயரைச் சேர்க்கப் பழைய வாடகை ரசீதுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கடைசியில் சேர்த்துவிட்டார்கள். ரசீது இருந்ததால் சேர்த்தார்கள். கொய்யா அக்காவிடம் ஏது ரசீது?

இத்தனைக்கும் இந்த விவரம் கடைக்காரர்கள் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அந்தப் பெண்ணுக்குப் பொறுமை மட்டும் இல்லாதிருந்தால் பாதிப் பேர் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

திண்டிவனத்திலிருந்து:

2025–26 மாநில பட்ஜெட்டில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு 167 கிலோமீட்டர் மித அதிவேக ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு என்றார்கள். கவனியுங்கள், ஆய்வு. அடுத்த வாரமே எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் மனைப்பிரிவு நோட்டீஸ் கொடுத்தார்கள்: ‘மணிக்கு 160 கி.மீ. வேக ரயில் நிலையம் அருகில்!’ கொடுத்த பையனிடம் நிலையம் எங்கே என்று கேட்டேன். “மனைக்கு அருகில் சார்” என்றான். திண்டிவனம் நகரி பாதைக்கு 2006–07இல் அனுமதி கிடைத்தது. அதற்காகக் காத்திருப்பவர்களுக்கே இன்னும் வண்டி வந்து சேரவில்லை.

செங்கல்பட்டிலிருந்து:

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரகடத்துக்காரருக்காக ஒரு சொல். முக்காலியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புரோக்கரை நம்பவும் வேண்டாம். கெஜட்டிலும், தமிழ் நாளிதழ் ஒன்று உட்பட இரண்டு பத்திரிகைகளிலும் உங்கள் புல எண் அச்சில் வரும்வரை உங்கள் நிலத்தை யாரும் எடுக்கத் தொடங்கவில்லை. வந்த பிறகு பார்க்க வேண்டியது அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதை. ரயில்வே சட்டத்தின் 20ஏ பிரிவு என்றால் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 11ஆம் பிரிவு என்றால் 60 நாள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அறிவிக்கை வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நான் பார்த்தவரை இழப்பீடு தாமதமான குடும்பங்களில் பாதி, பட்டாவைக் கவனிக்காமல் விட்டவைதான்.