நீல வாண்டா ஆர்க்கிட்: தண்ணீர் ஊற்றியும் இலை சுருங்குகிறது, உதவி தேவை

கேள்வி (கோவை)

பிப்ரவரியில் ஒரு நர்சரியில் நீல வாண்டா வாங்கினேன். தென்னை நார்க்கழிவு நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியோடுதான் கொடுத்தார்கள். கிழக்குப் பார்த்த பால்கனியில் இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன. மிச்சமுள்ளவை நீளவாக்கில் மடிப்பு விழுந்து துவண்டுவிட்டன. தண்ணீரைக் கூட்டியதும் நிலைமை இன்னும் மோசமானது. ஆசைப்பட்டு வாங்கிய செடி. காப்பாற்ற வழி உண்டா?

பதில் (சேலம்)

வெயில் போதவில்லை என்று நினைக்கிறேன். வாண்டா இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் குறைவு என்று பொருள். இளம்பச்சையாக இருக்க வேண்டும். மாடியில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்துப் பாருங்கள்.

பதில் (ஏற்காடு)

வெளிச்சத்தைப் பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால், இப்போது இந்தச் செடியை வெயிலுக்கு மாற்றினால் ஒரே வாரத்தில் போய்விடும். தண்ணீர் ஊற்றியும் இலை சுருங்கினால் வேரைத்தான் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்து, ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். நடுக்குருத்தையும் பாருங்கள்: உறுதியாக இருக்கிறதா, அடியில் கறுத்து நீர் கோத்திருக்கிறதா?

கேட்டவர்

குருத்து பச்சையாக, உறுதியாக இருக்கிறது. வேரை இழுத்ததும் பழுப்பு நிறத் தோல் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே நூல் போன்ற நரம்புதான் மிஞ்சியது. பெரும்பாலான வேர்கள் இப்படித்தான். தண்டின் மேற்பகுதியிலிருந்து காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று வேர்கள் மட்டும் வெள்ளையாக, கெட்டியாக இருக்கின்றன.

பதில் (ஏற்காடு)

குருத்தும் மூன்று நல்ல வேர்களும் இருப்பதால் பிழைக்க வாய்ப்பு உண்டு. இது மரக்கிளையில் தொற்றி வளரும் செடி. வேரின் மேல் இருக்கும் வெள்ளை உறை பஞ்சு போல நீரை உறிஞ்சும். அதன் பிறகு அது காய்ந்தாக வேண்டும். நார்க்கழிவு நாள் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்ததில் வேர் மூச்சுமுட்டி அழுகியிருக்கிறது. உறிஞ்ச வேர் இல்லாததால் செடி தாகத்தில் வாடுகிறது. மற்ற பல ஆர்க்கிட்களுக்கு நீரைச் சேர்த்து வைக்கக் குமிழ்த்தண்டு உண்டு. வாண்டாவுக்கு அதுவும் கிடையாது.

பிளேடைத் தீயில் காட்டி ஆறவைத்து, அழுகியதை எல்லாம் வெட்டிவிடுங்கள். வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூள் வையுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, மரச்சட்டக் கூடையில் செடியைக் கட்டித் தொங்கவிடுங்கள். கூடையில் ஒன்றும் நிரப்ப வேண்டாம். வேண்டுமானால் பெரிய அடுப்புக்கரித் துண்டுகள் நான்கைந்து போதும். தினமும் காலையில் வேரை மட்டும் கால் மணி நேரம் நீரில் அமிழ்த்துங்கள். வெள்ளை வேர் பச்சையாக மாறினால் போதுமான நீர் குடித்துவிட்டது என்று அறியலாம். குருத்துக்குள் தண்ணீர் தேங்கவே கூடாது. தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். குருத்து அழுகினால் அந்தத் தண்டு அதற்கு மேல் வளராது.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வேர் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்போது பால்கனியில் ஒரு மறைப்புக் கட்டி, சுற்றிலும் மற்றத் தொட்டிகளை நெருக்கி வையுங்கள்.

கேட்டவர்

இன்றே செய்கிறேன் அம்மா. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று நீர். தொட்டி விளிம்பிலும் வேரிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அதுவும் காரணமாக இருக்குமா?

பதில் (சேலம்)

நிச்சயம். உப்பு நீர் வேர் நுனியைக் கருக்கும். உங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் இருக்கும்போது இதற்கு ஏன் ஆழ்துளை நீர்? குழாயில் வருவதைப் பிடித்து ஓரிரவு வைத்திருந்து ஊற்றுங்கள். மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பதில் (ஷில்லாங்கில் பணிபுரியும் தமிழர்)

மேகாலயாவின் காசி மலைகள் இந்தச் செடியின் சொந்த ஊர். ஏறத்தாழ 800 முதல் 1,700 மீட்டர் உயரத்தில், வெயிலும் காற்றும் நன்றாகப் படும் கிளைகளில் வளரும். 1850இல் இங்கே வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், லண்டன் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை செடிகளைப் பறித்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அதன் பிறகும் நெடுங்காலம் பறித்துக்கொண்டே இருந்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இது இடம்பெற்றது அதனால்தான். 'காட்டுச் செடி, விலை குறைவு' என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

உங்களுடையது கலப்பினமாகவும் இருக்கலாம். வாண்டா சாண்டரியானா என்ற இன்னொரு வாண்டா இனத்தோடு இதைச் சேர்த்து உருவாக்கி 1931இல் பதிவான ரோத்ஸ்சைல்டியானாவும் அதன் வழிவந்தவையும் 'நீல வாண்டா' என்றே விற்கப்படுகின்றன. கலப்பினமானால் கோவை வெயிலைத் தாங்கும். அசல் இனத்துக்குக் கோடை இரவு குளிராதது கஷ்டம்தான்.

கேட்டவர்

பூத்தால்தான் எது என்று தெரியும் போலிருக்கிறது. உரம் எப்போது போடலாம்?

பதில் (ஏற்காடு)

புது வேர் நுனி பச்சையாகவோ செம்மையாகவோ முளைக்கும் வரை எதுவும் வேண்டாம். அதன் பிறகு 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம், வாரம் ஒருமுறை, வேர் நனைந்திருக்கும்போது தெளியுங்கள். அதற்குள் பூங்கதிர் தலைகாட்டினால் கிள்ளிவிடுங்கள். இந்த ஆண்டு அது வேர் விட்டாலே போதும்.