‘மீட்பு வட்டு’ இல்லாமல் மீட்பதற்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம். பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. விண்டோஸ் 10இல் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே மறுதொடக்கம் கொடுத்தால், மீட்பு வழிகளைக் காட்டும் நீலத் திரை வரும். வெளி வன்வட்டில் முன்பே முழுக் காப்புநகல் எடுத்திருந்தால், அங்கிருந்தே கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். கணினி கெட்டால் அதைத் தொடக்கி மீட்கத் தனியாகச் செருகும் மீட்பு வட்டு தேவையில்லை. ‘வட்டிலா மீட்பு’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?
– கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

அம்மா, வட்டு + இலா: குற்றியலுகரம் கெட்டு வட்டிலா. புணர்ச்சியில் பழுதில்லை. ஆனால் வட்டில் என்பது உண்கலம், ‘வட்டிலா, கிண்ணமா?’ என்று மாணவன் கேட்பான். என் துணைவியார் ‘வட்டியிலா மீட்பு’ என்று படித்துவிட்டு எந்த அடகுக் கடை என்று விசாரித்தார். மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. விரல் நரம்பைத் தொட்டு மீள்வதால்தான் வீணையையும் ‘மீட்டுகிறோம்’ என்பது என் துணிபு. இதை விரித்து எழுதலாம்...
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, வீணை இருக்கட்டும். அந்த நீலத் திரைக்கான கோப்புகள் பெரும்பாலும் கணினியின் வன்வட்டிலேயே ஒரு மறைவான பகுதியில் இருக்கின்றன. வன்வட்டும் வட்டுதானே? அது செத்துவிட்டால் இந்த வழியும் அடைபடும். மீட்புக் கோப்புகள் உள்ள பென்டிரைவைத் தேட வேண்டியதுதான். பெயரிலேயே பொய் சொல்லாதீர்கள்.
இதைவிடப் பெரிய வம்பு ‘மீட்டமை’. எல்லாவற்றையும் துடைத்து ஆரம்பநிலைக்குப் போவதற்குக் கைபேசிகளில் அந்தச் சொல்தான் இருக்கிறது. படங்கள் திரும்பி வரும் என்று நம்பி அதை அழுத்திய ஒருவர், மகளின் வளைகாப்புப் படங்களைப் பறிகொடுத்துவிட்டு என் கடைக்கு வந்தார். காப்புநகலும் இல்லை. ‘ரெஸ்டோர்’ என்றே எழுதுங்கள்.
– கணினி பழுதுபார்ப்பவன்

ரெஸ்டோர் என்று எழுத இந்தக் குழு எதற்கு? ‘அகமீட்பு’ என்பது என் பரிந்துரை.
– தனித்தமிழ் அன்பன்

அகம் என்றால் தலைவி வந்து நிற்பாள்! ‘உள்மீட்பு’ போதும்.
– தமிழாசிரியர்

உள்மீட்புக்கு மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள்; இருவர் களைப்பில் சொன்னது போலத் தெரிகிறது. தலைப்பில் அதையே வைத்து, கீழே ‘மீட்பு வட்டு இல்லாமல் காப்புநகலிலிருந்து மீட்டெடுத்தல்’ என்று விளக்கிவிட்டேன். குழப்பம் தீர, துடைத்தழிக்கும் வேலையை ‘ஆரம்பநிலைக்குத் திருப்புதல்’ என்று மாற்றினேன்.
– மொழிபெயர்ப்பாளர்

அம்மா, அச்சகத்துக்கு அனுப்பியாயிற்றா? ‘நகையைத் திருப்பினோம்’ என்றால் எங்கள் வீட்டில் அடகிலிருந்து மீட்டோம் என்றுதான் பொருள். மறுபடியும் மீட்பிலேயே வந்து நிற்கிறீர்கள்.
– தமிழாசிரியர்