"உங்களுக்கு" என்ற ஒரு சொல்லால் நின்றுபோன விளம்பரம்

வீட்டில் கூந்தல் தைலம் காய்ச்சி விற்கிறேன். கரிசலாங்கண்ணி, மருதாணி, வெட்டிவேர், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் சரக்கு. ஒரு சமூகத் தளத்தில் நாளுக்கு 300 ரூபாய் போட்டு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குச் சூடாக ஒன்று போடலாம் என்று நானே உட்கார்ந்து எழுதினேன்: "உங்களுக்கு முடி கொட்டுகிறதா? வழுக்கை விழுமோ என்று பயமா? 30 நாளில் தீர்வு!" கூடவே நாத்தனார் தலையை இரண்டு படம், தைலம் தேய்ப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. அரை மணி நேரத்தில் நிராகரிப்பு.

இனி நடந்தது முழுக்க என் தப்பு. காரணத்தைப் படிக்கவே இல்லை. ஏதோ மெஷின் கோளாறு என்று நினைத்து அதே விளம்பரத்தை நகல் எடுத்து மறுபடி போட்டேன், மறுபடியும் போட்டேன், நாலாவது தடவை கணக்கையே முடக்கிவிட்டார்கள். சரி, வீட்டுக்காரர் பேரில் புதுக் கணக்கு தொடங்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதே கார்டு, அதே போன், அதே படம். அதுவும் அன்று சாயங்காலமே போய்விட்டது.

அப்புறம்தான் பொறுமையாக வாசித்தேன். "தனிப்பட்ட பண்புகள்" என்று ஒரு விதி. பார்க்கிறவருக்கு இன்ன நோய், இன்ன குறை இருக்கிறது என்று நமக்குத் தெரிந்ததுபோல் விளம்பரம் பேசக் கூடாதாம். நம் ஊரில் ஆட்டோவில் மைக் கட்டிப் போகிறவர் தொடங்கி எல்லாரும் "உங்களுக்கு மூட்டுவலியா" என்றுதானே ஆரம்பிக்கிறார்கள், காது பழகிப்போனதால் அதில் ஒரு குற்றம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. யோசித்தால் நியாயம்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பி "உங்களுக்கு வழுக்கையா" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஆளை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றி மட்டும் எழுதினேன்: "கரிசலாங்கண்ணியும் வெட்டிவேரும் போட்டு இரும்புச் சட்டியில் காய்ச்சிய தைலம், 200 மில்லி." தலைப் படங்களுக்குப் பதில் சட்டியின் படம். 30 நாள் வாக்குறுதி போயே போச்சு. பழைய கணக்குக்கு மறுபரிசீலனை கேட்டு அடையாள அட்டையை ஏற்றினேன், ஒன்பது நாளில் திரும்பக் கிடைத்தது. தீபாவளி முடிந்திருந்தது, அது வேறு கதை. புது விளம்பரம் இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பதில் 1

அக்கா, நான் சித்த வைத்தியசாலைகளுக்கு விளம்பரம் ஓட்டித் தருகிறவன். எனக்கு வரும் தலைவலியில் பாதி "குணமாகும்" என்ற சொல்லால்தான். ஒரு வைத்தியர் "சர்க்கரை நோய் முற்றிலும் குணம்" என்று போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தளம் விட்டாலும் சட்டம் விடாது ஐயா என்று 1954ஆம் வருட மருந்துகள், மாய நிவாரண விளம்பரச் சட்டத்தைக் காட்டினேன். அதன் பட்டியலில் 54 நோய்கள், சர்க்கரை நோயும் உண்டு, முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. அதற்குப் பிறகு "ஆலோசனை நேரம் காலை 9 முதல் 1 வரை" என்று போடச் சம்மதித்தார். அதற்கே போன் வருகிறது.

கூகுளில் தேடல் விளம்பரம் போடுகிறவர்கள் வாசகத்துக்குள் போன் நம்பரை எழுதாதீர்கள், அதற்குத் தனி இடம் இருக்கிறது. ஆச்சரியக்குறியை வரிசையாக அடுக்குவதும் அங்கே செல்லாது. இந்த இரண்டையும் திருத்தினாலே நிறைய விளம்பரம் உயிர் பெறும்.

பதில் 2

என் கதையில் வாசகத்தில் குற்றமே இல்லை. டியூஷன் சென்டர் விளம்பரம், "சேருமிடம் வேலை செய்யவில்லை" என்று நிராகரிப்பு, அதாவது சொடுக்கினால் போய்ச் சேரும் என் வெப்சைட் திறக்கவில்லையாம். என் போனில் திறக்கிறது, மனைவி போனில் திறக்கிறது, பிறகு என்ன வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தடுக்கும்படி வெப்சைட் பாதுகாப்பில் நானே ஒரு காலத்தில் டிக் போட்டு வைத்திருக்கிறேன். வெப்சைட்டைச் சோதிக்க விளம்பரத் தளம் அனுப்பும் ரோபோ புரோகிராம் வெளிநாட்டிலிருந்து வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது! டிக்கை எடுத்தேன், மேல்முறையீடு அழுத்தினேன், மறுநாள் ஓடியது.

பதில் 3

அக்கா, விளம்பரத்தைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தையும் அவர்கள் பார்ப்பார்கள். அங்கே பழைய வாசகம் கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். எனக்கு அப்படித்தான் மாட்டியது.

எழுதியவரின் பதில்

தம்பி, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். எழுத்தில் எல்லாம் சரி, ஆனால் பாட்டில் படத்தைப் பெரிதாக்கினால் லேபிளில் "பொடுகு, புழுவெட்டு குணமாகும்" என்று இருக்கிறது. 2,000 லேபிள் அச்சடித்து வைத்திருக்கிறேன். இன்று ராத்திரிக்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுகிறேன், லேபிளுக்கு என்ன செய்வது என்று அச்சகத்துக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.